முந்தைய பயன் மீளாது

லிப்ட்காரருடைய அக்கா விழுந்ததற்கு ஒரு ரப்பர் குழாய்தான் காரணம். செடிகளுக்குத் தண்ணீர் பாய்ச்சிய பிறகு அதைச் சுருட்டி வைத்திருக்க வேண்டியவர் லிப்ட்காரர். அன்று பார்த்து எங்கோ ஒரு கட்டடத்தில் லிப்ட் இரண்டு மாடிக்கு நடுவே நின்றுவிட்டது. உள்ளே நாலு பேர், போன் மேல் போன். குழாயைப் பாதையில் போட்டது போட்டபடி ஓடினார். அந்த நாலு பேரையும் பத்திரமாக இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்தால், சொந்த அக்கா பாகல் பந்தலுக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறாள், எழுந்திருக்க முடியாமல்.

"வாடா, ஊரையே ஏத்தி இறக்குறவனே, என்னையும் கொஞ்சம் தூக்கி விடு" என்றாள். இடுப்பெலும்பு முறிந்திருந்தது.

அவள் அப்படி உட்கார்ந்திருந்த அரை மணி நேரத்தில் ஓர் ஆள் வந்து போயிருக்கிறார். கையில் அளவு நாடா, அட்டை, பேனா. வேலிக்கு மேலே எட்டிப் பார்த்திருக்கிறார், எழுதியிருக்கிறார். அக்கா "ஐயா, ஐயா" என்று கூப்பிட்டதற்கு, "பதிவு பண்ணிட்டேம்மா" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். மூன்றாம் நாள் நோட்டீஸ் வந்தது.

'நடைபாதையில் ஒழுங்கின்றிக் கிடந்தவை: மண்வெட்டி ஒன்று, வாளி இரண்டு, களைக்கொத்து ஒன்று, ரப்பர் குழாய் ஒன்று, பெண்மணி ஒருவர். முப்பது நாட்களுக்குள் அனைத்தையும் உரிய இடத்தில் வைக்கவும். தவறினால் தோட்டம் திரும்பப் பெறப்பட்டுச் சிமென்ட் பூசப்படும். இப்படிக்கு, தோட்டச் சீர்மை வாரியம்.'

அந்தக் குடியிருப்பில் வீடு குடியிருப்பவருக்குச் சொந்தம். பின்னால் இருக்கிற பதினெட்டடிக்குப் பத்தடி மண் வாரியத்துக்குச் சொந்தம். லிப்ட்காரருக்கு அந்த மண்ணை விட்டால் வேறு போக்கிடம் கிடையாது. நாள் முழுக்க இருட்டுக் குழிக்குள் தொங்கிக்கொண்டு இரும்புக் கயிற்றுக்கு எண்ணெய் போடுகிற மனுஷன். சாயங்காலம் வந்து நாலு பாகல் இலையைத் தொட்டுப் பார்த்தால்தான் தானும் உயிரோடு இருக்கிறோம் என்று அவருக்கு நம்பிக்கை வரும். மனைவி இறந்த பிறகு அது இன்னும் அதிகமாகிவிட்டது.

அக்கா பெண்கள் பள்ளிக்கூடத்தில் முப்பத்தொரு வருஷம் டிரில் டீச்சர். ஓய்வு பெற்றதும் தம்பி தனியாகக் கிடக்கிறானே என்று மூட்டை கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தவள். ஆஸ்பத்திரியில் தகடு வைத்து, திருகாணி போட்டு, கையில் ஒரு வாக்கரையும் கொடுத்து அனுப்பினார்கள். "சீக்கிரமா நடக்க ஆரம்பிக்கணும். தள்ளிப் போட்டா தசை சூம்பிடும், அப்புறம் எங்களைக் கேக்கக் கூடாது" என்றார் டாக்டர். அக்கா வாக்கரை மேலும் கீழும் பார்த்தாள்.

"நாலு கால்ல நடக்க நான் என்ன ஆடா மாடா? ஆயிரம் பொண்ணுங்களை ஓட விட்டவடா நான்."

அத்தோடு சரி. வாக்கர் அறை மூலைக்குப் போனது, ஈரத்துண்டு காயப் போட உதவியது. அக்காவைச் சக்கரம் வைத்த ஆபீஸ் நாற்காலி ஒன்றில் உட்காரவைத்து லிப்ட்காரர் வீட்டுக்குள் தள்ளிக்கொண்டு திரிந்தார். தள்ளும்போதெல்லாம் அந்தக் குழாய் அவர் கண்ணுக்குள் சுருளாமல் கிடந்தது.

நோட்டீசுக்குப் பயந்து, கடைக்குப் போய்க் கருவிகள் மாட்டுகிற ஸ்டாண்டு ஒன்றை வாங்கி வந்து சுவரோரம் நிறுத்தினார். அளவு நாடாக்காரர் வந்து பார்த்தார்.

"இது எதுக்குச் செஞ்சது சார்?"

"கருவி மாட்டத்தான்."

"அப்ப அதுல உங்க பங்கு என்ன இருக்கு? மாட்டுறதுக்குன்னே செஞ்சதுல யாரு வேணும்னாலும் மாட்டலாம். வாரியத்தோட கொள்கை என்ன? 'வீட்டில் ஓய்ந்த பொருளுக்குத் தோட்டத்தில் மறுவாழ்வு.' கடையில வாங்குனது செல்லாது. கழட்டிருங்க."

கொள்கை பிறந்த காலத்தில் நல்ல கொள்கையாகத்தான் இருந்தது. உடைந்த ஏணியில் பூந்தொட்டி அடுக்கினார்கள், ஓட்டை வாளியில் களைக்கொத்து போட்டார்கள், பார்க்கவும் அழகாக இருந்தது. பிறகு வாரியம் அதற்கு மதிப்பெண் போட ஆரம்பித்தது. மதிப்பெண் என்றதும் ஓய்ந்த பொருளெல்லாம் ஒரே மாதத்தில் தீர்ந்துவிட்டது. நோட்டீஸ் மட்டும் தீரவில்லை. ஆகவே ஜனங்கள் ஓயாத பொருளைப் பிடித்து ஓய வைத்தார்கள்.

பக்கத்து வீட்டுத் தையல்காரர் தன் மிஷினையே தோட்டத்தில் இறக்கி, அதன் இழுப்பறைகளில் விதைப் பொட்டலம் வைத்து எண்பத்தாறு வாங்கினார். அன்றிலிருந்து கதவைச் சாத்திக்கொண்டு கையால் தைக்கிறார். யாராவது கதவைத் தட்டினால், தைக்கிற துணி கண்ணில் படாமல் இருக்க அதன் மேல் ஏறி உட்கார்ந்துகொள்கிறார். மூன்றாம் வீட்டு இளம் தம்பதி முதல் குழந்தையின் தொட்டில் கட்டிலில் அவரைக்கொடி ஏற்றினார்கள். 'முந்தைய பயன் இனி மீளாது' என்று இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். இப்போது அந்தப் பெண்ணுக்கு ஆறாம் மாதம். ஆய்வுக்கு ஆள் வரும்போதெல்லாம் புருஷன் முந்திக்கொண்டு, "அவளுக்கு வயித்துல வாயு சார்" என்று சொல்லி வருகிறான்.

நோட்டீஸ் கெடு முடிய இன்னும் நாலு நாள் இருக்கும்போது லிப்ட்காரரின் பார்வை வாக்கரின் மேல் விழுந்தது. நாலு கால், இரண்டு பக்கமும் குறுக்குக் கம்பி, இடுப்பு உயரம். அக்கா மதியத் தூக்கத்தில் இருந்தாள். துண்டுகளை எடுத்து நாற்காலி முதுகில் போட்டுவிட்டு, சத்தமில்லாமல் பின்பக்கம் கொண்டுபோனார்.

திரைச்சீலை வளையங்களைக் கொக்கியாக வளைத்துக் கம்பிகளில் கோத்தார். செருப்பு வைக்கிற துணிப்பையை இரண்டு பக்கத்துக்கும் நடுவே தொங்கவிட்டு, அதன் அறைகளில் கையுறை, விதை, நூல்கண்டு என்று பிரித்து வைத்தார். சமையலறைக் கரண்டி ஸ்டாண்டு கத்தரிக்கோலுக்குப் பொருந்தியது. பழைய ரொட்டி டப்பாவில் உரம். முன்கம்பியில் அந்த ரப்பர் குழாயை எட்டுப் போட்டுச் சுற்றினார். எல்லாவற்றுக்கும் இலைப்பச்சையில் ஒரு கை பெயின்ட். தூர நின்று பார்த்தால், பாவி மனுஷனுக்குப் பெருமை தாங்கவில்லை. அவ்வளவு அம்சமாக வந்துவிட்டது.

அளவு நாடாக்காரர் நாலு பக்கமும் சுற்றி வந்தார். குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"சார், இருபது வருஷ சர்வீசுல இப்படி ஒன்னைப் பாத்ததில்ல. ஏழாம் படிவத்துல ஒரு கையெழுத்துப் போட்டுருங்க."

ஏழாம் படிவத்தில் ஒரே ஒரு வாக்கியம்: 'மேற்படி பொருளின் முந்தைய பயனாளிக்கு அது இனி என்றும் தேவைப்படாது என்றும், முந்தைய பயன் மீளாது என்றும் உறுதி கூறுகிறேன்.'

லிப்ட்காரரின் பேனா நின்றது. "அது எங்க அக்காவோடது சார்..."

"அவங்க நடக்குறாங்களா?"

"இல்ல."

"நடக்கப் போறேன்னு சொன்னாங்களா?"

"மாட்டேன்னுதான் சொல்றாங்க."

"அப்புறம் என்ன சார்? அவங்க வாயால சொன்னதுக்கு நீங்க கையால சாட்சி. அவ்வளவுதான்."

போட்டுவிட்டார். ஆழம் தெரியாமல் காலை விட்டார் என்று சொல்ல வழியில்லை. ஆழம் தெரிந்துதான் விட்டார். நூற்றுக்குத் தொண்ணூற்றேழு. குழாயில் ஈரம் இருந்ததற்கு மூன்று கழிவு. வாக்கரின் கால்களைச் சுற்றி மண்ணில் சுண்ணாம்புக் கோடு இழுத்து, 'பதிவு பெற்றது. நகர்த்தக் கூடாது' என்று ஒரு தகடு மாட்டிவிட்டு அளவு நாடாக்காரர் போனார்.

ஒன்பதாம் நாள் பிசியோ பெண் வந்தாள். வாரம் இரண்டு முறை வந்து அக்காவின் காலை மடக்கி நீட்டிவிட்டுப் போகிற பெண். சின்ன வயசு, பெரிய வாய்.

"டீச்சர், உங்ககிட்ட எத்தனை பிள்ளைங்க 'முடியல மிஸ்'ன்னு அழுதிருக்கும்? அதுங்களை உக்காரவா விட்டீங்க?"

அவள் போன பிறகு அக்கா காலைத் தானே ஒரு முறை நீட்டிப் பார்த்தாள். மறுநாள் காலை, டீயை ஆற்றிக்கொண்டே தம்பியைக் கூப்பிட்டாள்.

"டேய், அந்தச் சனியனை எடுத்துட்டு வா. நடந்து பாக்குறேன்."

ஒரு மாதத்துக்கும் மேலாக அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் காத்திருந்தார். வார்த்தை வந்ததும் போய்ப் பின்பக்கக் கதவைச் சாத்தினார்.

"அது... அடியில இருக்குற ரப்பர் தேஞ்சு போயிருந்துச்சுக்கா. மாத்தக் குடுத்திருக்கேன்."

"நான் நடக்கவே இல்லையேடா. எப்படித் தேஞ்சுது?"

"பழைய சரக்கு போல."

"சரி, சீக்கிரம் வாங்கிட்டு வா" என்றாள். நம்பிவிட்டாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

அன்றே வாரிய அலுவலகத்துக்குப் போனார். முன்மாதிரி அலுவலகம் அது. பீரோக்களையெல்லாம் தோட்டத்துக்கு அனுப்பிச் செடி நட்டுவிட்டதால், கோப்புகள் பூந்தொட்டிகளில் நின்றன. பேனாக்கள் பூவாளியில். குமாஸ்தாக்கள் கவிழ்த்த வாளிகளின் மேல் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு தொட்டிக்குப் பழக்கதோஷத்தில் யாரோ தண்ணீர் ஊற்றியிருக்க வேண்டும். ஊறிப்போன கோப்புகளை ஜன்னலோரம் உலர வைத்திருந்தார்கள்.

"வாக்கர் திரும்ப வேணும்" என்றார் லிப்ட்காரர்.

அளவு நாடாக்காரரின் முகம் இறுகியது. "திரும்பன்னா? முந்தைய பயன் மீண்டுடுச்சா?"

"இன்னும் இல்ல. அக்கா நடக்க ஆசைப்படுறாங்க."

"ஆசைப்பட்டா தப்பில்ல. படிவத்துல ஆசையைப் பத்தி ஒன்னும் இல்ல. நடந்தாத்தான் தப்பு. நீங்க போட்ட உறுதிமொழி பொய்யாயிடும், தோட்டம் போயிடும்."

"அதை அங்கயே வச்சுட்டு வேற ஒன்னு புதுசா வாங்கிட்டா?"

"அதே வகைப் பொருள் மறுபடியும் வீட்டுக்குள்ள வந்தா, தேவை இருக்குன்னு ஆயிடுமே சார். தேவை இருந்தா அது எப்படி ஓய்ந்த பொருள்? எல்லாத்தையும் யோசிச்சுத்தான் விதி போட்டிருக்கோம். நடக்குறவங்களை மட்டும்தான் யோசிக்கல, ஏன்னா அது எங்க துறை கிடையாது." பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஒரு நல்ல சேதி சொல்றேன். உங்க தோட்டம்தான் இந்த வருஷம் முதல் பரிசு. பதினாலாம் நாள் தலைவரே வர்றார். பரிசு வாங்குன தோட்டத்துக்கு ஒரு வருஷம் ஆய்வே கிடையாது. அப்புறம் அக்கா ஓடட்டும், குதிக்கட்டும், யாரு பாக்கப் போறா? பதினாலு நாள். அதுவரைக்கும் கொஞ்சம் உக்காந்திருக்கச் சொல்லுங்க."

பதினாலு நாள்தானே என்று லிப்ட்காரர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். வழி நெடுகச் சொல்லிக்கொண்டார். வீட்டு வாசலில் நின்று பிசியோ பெண்ணுக்குப் போன் போட்டு, "ரெண்டு வாரம் வர வேணாம்மா, அக்காவுக்குக் கொஞ்சம் அசதியா இருக்கு" என்றார். அந்தப் பெண், "இப்பத்தான் சார் முக்கியமான நேரம், இதை விட்டா கஷ்டம்" என்றாள். "டாக்டர்கிட்ட பேசிட்டேன்" என்று இன்னொரு பொய்யையும் சேர்த்துக்கொண்டார். ஒரு பொய்க்கு ஒன்பது பொய் என்பார்கள். அவர் மூன்றில்தான் இருந்தார்.

"ஏன்டா அந்தப் பொண்ணைக் காணோம்?" என்று அக்கா தினமும் கேட்டாள்.

"ஊருக்குப் போயிருக்காளாம்."

"வாக்கர்?"

"கடைக்காரன் இழுத்தடிக்கிறான்."

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பது பழமொழி. அவருக்கு நெஞ்சோடு நிற்கவில்லை. வேலைக்குப் போன இடத்தில், ஐந்தாம் மாடிக்குப் போக வேண்டிய பெரியவர் ஒருவரை லிப்டோடு மூன்றாம் மாடியிலேயே நிறுத்திவைத்துவிட்டு, பொத்தானையே பார்த்துக்கொண்டு நின்றார். சாப்பாட்டில் உப்பிருக்கிறதா இல்லையா என்று தெரியவில்லை. அக்காவுக்குப் பிடித்ததையெல்லாம் வாங்கி வந்து குவித்தார். அவள், "என்னடா, திடீர்னு பாசம் பொத்துக்கிட்டு வருது?" என்று சிரித்தாள்.

எட்டாம் நாள், அறை வாசலில் நின்றபடி பார்த்தார். அக்கா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தானே எழுந்து நின்றிருந்தாள். கால் நடுங்கியது. "ஒன்று, இரண்டு, மூன்று" என்று மைதானத்தில் எண்ணுகிற மாதிரி பத்து வரை எண்ணிவிட்டு உட்கார்ந்தாள். முகமெல்லாம் வியர்வை, முகமெல்லாம் சிரிப்பு. லிப்ட்காரருக்கு முதலில் வந்தது சந்தோஷம் இல்லை. ஐயோ, ஆறு நாளைக்குள் நடந்து தொலைத்துவிடுவாளோ என்கிற பயம்தான் வந்தது. அந்தப் பயம் வந்ததற்காகக் கொல்லைப் பக்கம் போய், வாக்கருக்கு முன்னால் நின்று அழுதார். அழுதுகொண்டே, கோணலாகத் தொங்கிய கத்தரிக்கோலை நேராக்கினார்.

பதினாலாம் நாள் தோட்டத்தில் பந்தல், மைக், முப்பது நாற்காலி. குடியிருப்பே வந்திருந்தது. வராவிட்டால் மதிப்பெண் குறையும். வாரியத் தலைவர் பருத்த மனிதர். செடியில் படாமல் நடக்கத் தெரியாமல் இரண்டு மிளகாய்ச் செடியை மிதித்துக்கொண்டு மைக்குக்கு வந்தார்.

"நண்பர்களே! நான் பொறுப்பேற்றபோது இந்தக் குடியிருப்பின் நிலை என்ன? முன்னூறு தோட்டங்களிலும் காய்கறி விளைந்துகொண்டிருந்தது. வேறு எதுவும் நடக்கவில்லை. மண்வெட்டி ஒரு பக்கம், மனிதர்கள் ஒரு பக்கம். இன்று? ஒரு தோட்டத்திலும் ஒரு காய் கிடையாது. ஆனால் ஒரு களைக்கொத்தாவது கீழே கிடக்கிறதா? காட்டுங்கள் பார்ப்போம்!"

கைதட்டினார்கள்.

"சிலர் கேட்கிறார்கள், கருவியை மாட்டியே வைத்தால் எப்போது கொத்துவது என்று. கொத்துவதற்காக எடுத்தால் அது இடத்தில் இருக்காதே! இடத்தில் இல்லாத பொருள் தொலைந்த பொருளுக்குச் சமம். பயன்படுத்துவது எளிது நண்பர்களே, எந்த மடையனும் செய்வான். வைத்திருப்பதுதான் நாகரிகம்."

பிறகு வாரியத்தின் வழக்கப்படி 'விடை கொடுக்கும் உரை'. பரிசு பெறும் பொருளுக்கு அதன் முந்தைய பயனாளி நாலு பேர் முன்னால் விடை கொடுக்க வேண்டும். இந்தச் சங்கதியை லிப்ட்காரரிடம் யாரும் சொல்லவில்லை. "அக்காவுக்கு உடம்பு முடியல" என்று அவர் ஓடுவதற்குள், அளவு நாடாக்காரர் உள்ளே போய் நாற்காலியோடு அக்காவைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டார்.

அக்கா வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கினாள். பந்தலைப் பார்த்தாள், கூட்டத்தைப் பார்த்தாள். பச்சைப் பெயின்ட் பூசி, ரிப்பன் கட்டி நின்ற வாக்கரைப் பார்த்தாள். அதன் அடியில் இருந்த நாலு ரப்பரும் புத்தம் புதிதாக இருந்தன. அளவு நாடாக்காரர் வாசிக்க வேண்டிய தாளைக் கையில் கொடுத்தார். பின்னால் ஏழாம் படிவத்தின் நகல் இணைத்திருந்தது. அக்கா நகலைத்தான் முதலில் படித்தாள். தேதியையும் படித்தாள்.

"இது உன் கையெழுத்துதானே?"

"ஆமாக்கா."

"அந்தப் பொண்ணு ஊருக்குப் போகல, இல்ல?"

லிப்ட்காரர் தலையைக் குனிந்துகொண்டார். பெண்கள் பள்ளிக்கூடத்தில் இதைவிடச் சின்னத் தப்புக்கு மைதானத்தைப் பத்துச் சுற்று ஓட விட்டவள் அவள். திட்டப் போகிறாள், மைக்கிலேயே திட்டப் போகிறாள் என்று நின்றார். திட்டட்டும் என்றுகூட இருந்தது. அக்கா பாகல் பந்தலை ஒரு முறை பார்த்தாள். தொண்டையைச் செருமினாள். மைதானத்துக் கடைசி வரிசைக்குக் கேட்கிற குரலில் வாசித்தாள்.

"எனக்குத் துணையாக இருந்த இந்தப் பொருளுக்கு நன்றி. இது எனக்கு இனி என்றும் தேவைப்படாது. நான் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறேன்."

ஓர் எழுத்து விடாமல் வாசித்துவிட்டுத் தாளை மடித்தாள். தலைவர், "என்ன குரல், என்ன குரல்!" என்று எழுந்து நின்று கைதட்டினார்.

"தேவைப்படும்" என்றார் லிப்ட்காரர்.

கைதட்டலில் யாருக்கும் கேட்கவில்லை. மைக்கைப் பிடுங்கினார். "தேவைப்படும்! நான் எழுதினது பொய். எங்க அக்கா நடப்பா. பதினாலு நாளா நடக்க விடாம உக்கார வச்சது நான்தான்."

"சார், யோசிச்சுப் பேசுங்க" என்று அளவு நாடாக்காரர் பாய்ந்து வந்தார். "தோட்டம் போயிடும்."

"போகட்டும்."

தையல்காரர் ஊசி குத்திய விரலைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டார். மூன்றாம் வீட்டுப் பெண் கைப்பையை வயிற்றுக்கு நேராக இழுத்துக்கொண்டாள். எல்லாரும் தரையைப் பார்த்தார்கள்.

லிப்ட்காரர் கொக்கிகளைக் கழற்றி எறிந்தார். கத்தரிக்கோல் விழுந்தது, ரொட்டி டப்பா விழுந்தது, உரம் தலைவரின் பூட்சில் கொட்டியது. "கீழே கிடப்பவை... ஒன்னு... ரெண்டு... மூனு..." என்று அளவு நாடாக்காரர் எழுதிக்கொண்டே வந்தார். குழாய் லேசில் பிரியவில்லை. அதைப் பிரித்துச் சுவர்ப்பக்கமாக எறிந்துவிட்டு, வாக்கரைத் தூக்கி வந்து அக்காவின் முன்னால் வைத்துக் கையை நீட்டினார்.

"கையைப் பிடிக்காதே. தள்ளி நில்லு" என்றாள் அக்கா.

எழுந்தாள். ஒன்று, இரண்டு என்று எண்ணினாள். ஏழாவது அடியில் வலது கால் இழுத்தது. பதினொன்றில் நின்று, மூச்சு வாங்கி, வந்த வழியே திரும்பி நடந்து உட்கார்ந்தாள். தம்பி பக்கம் திரும்பவே இல்லை.

அந்த வாரமே தோட்டத்துக்குச் சிமென்ட் பூசிவிட்டார்கள். வாரியம் அவ்வளவு வேகமாக ஒரு வேலையை முடித்து அதுவரை யாரும் பார்த்ததில்லை. அக்கா காலையும் மாலையும் அந்தச் சிமென்ட் தரையில்தான் நடந்தாள். தம்பியிடம் சாப்பிடு, தூங்கு என்பதற்கு மேல் பேசவில்லை. படிவத்தைப் பற்றி ஒரு வார்த்தை எடுக்கவில்லை. எடுக்க மாட்டாளா என்று அவர் ஏங்கிப்போனார்.

பிசியோ பெண் திரும்பி வந்த முதல் நாள், அக்காவின் காலை மடக்கிப் பார்த்ததுமே முகம் சுளித்தாள்.

"என்ன டீச்சர் இது, இப்படி இறுகிப் போச்சு? அந்த ரெண்டு வாரம் விட்டிருக்கவே கூடாது. இனிமே இந்த இழுப்பு முழுசா சரியாகும்னு சொல்ல முடியாது. யாரு வேணாம்னு சொன்னது?"

லிப்ட்காரர் டீத்தட்டோடு வாசற்படியில் நின்றிருந்தார். வாயைத் திறந்தார். ஊர் முன்னால் மைக்கைப் பிடுங்கிச் சொன்ன மனுஷனுக்கு, அந்தச் சின்னப் பெண்ணின் முன்னால் சட்டென்று வார்த்தை வரவில்லை.

"நான்தான்மா" என்றாள் அக்கா. "சோம்பேறித்தனம். தம்பிகிட்டச் சொல்லி உனக்குப் போன் போடச் சொன்னேன். அவன் வேணாம் வேணாம்னுதான் சொன்னான்."

"உங்களுக்கெல்லாம் எவ்வளவு சொன்னாலும் புத்தி வராது" என்று ஆரம்பித்தாள் அந்தப் பெண். அரை மணி நேரம் திட்டினாள். காலைப் பற்றி, வயசைப் பற்றி, பொறுப்பில்லாத்தனத்தைப் பற்றி. அக்கா ஒவ்வொன்றுக்கும் "சரிம்மா, சரிம்மா" என்று தலையாட்டிக்கொண்டிருந்தாள். லிப்ட்காரர் அத்தனையையும் நின்றபடி கேட்டார். டீ ஆறிப்போய்விட்டது.